கேபிளுக்கு ஆதார விலை கேட்ட சுப்புராயன்

சுப்புராயன் இந்த அறுபது வயது வரைக்கும் எந்தப் பொருளுக்கும் பேரம் பேசியதில்லை. தாராள மனசு என்று நினைத்துவிட வேண்டாம். பழக்கமில்லை, அவ்வளவுதான்.

கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, கல்வராயன் மலையின் கால்மாட்டில் சுருண்டு கிடக்கிற வாய்க்கால்மேடு அவர் ஊர். அப்பா காலத்திலிருந்து கரும்பு. கரும்பு வைக்கிறவருக்குப் பேரம் எதற்கு? அந்த வட்டாரத்துக்கு ஒரே ஆலை. அங்கேதான் கரும்பைப் பதிய வேண்டும், அங்கேதான் வெட்டி அனுப்ப வேண்டும். வாங்குகிறவர் ஒருவர்தான் என்பதால் அவர் இஷ்டத்துக்கு விலை சொல்லிவிடக் கூடாதென்று, டன்னுக்கு இவ்வளவு என்று அரசாங்கமே அறிவித்துவிடுகிறது. முன்பு ரேடியோவில் வந்தது, பிறகு டிவியில் வந்தது, இப்போது செல்போனில் வருகிறது. ஆக, சுப்புராயனைப் பொறுத்தவரை விலை என்பது மழை மாதிரி மேலேயிருந்து இறங்குகிற ஒரு சமாசாரம். ரெண்டு பேர் நின்று பேசி அதை உண்டாக்குவார்கள் என்பதை அவர் கேள்விப்பட்டிருக்கிறார், ஆனால் நம்பியதில்லை.

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் துண்டு வாங்கப் போனாலும் "கவர்மெண்ட் ரேட்டு இன்னாங்க?" என்றுதான் ஆரம்பிப்பார். துண்டுக்கு அப்படி ஒன்று கிடையாது என்று கடைக்காரர் சொன்னால், "அப்போ நீங்களா வெச்சதா?" என்று திடுக்கிட்டுப் போவார். தாலி கட்டி முடித்ததும் ஐயரிடமே ரேட்டு கேட்டவர் என்று மனைவி பச்சையம்மாள் இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்லிக் காட்டுவாள். ஊரில் அவர் பெயரே 'ரேட்டு' என்று ஆகிவிட்டது.

அடுத்த காட்டுக்காரர் வீரமுத்து இதற்கு நேர் எதிர். அவருக்கு மரவள்ளி. மரவள்ளிக்கு யாரும் விலை அறிவிப்பதில்லை. புரோக்கர் வருவார், கிழங்கை ஒடித்துப் பார்ப்பார், மாவுச்சத்து பாயிண்ட் கம்மி என்பார். வீரமுத்து அந்தப் புரோக்கரின் தாத்தா வரைக்கும் போய்த் திட்டிவிட்டு வருவார். மூன்றாவது டீயில் விலை படியும். அதில் அவருக்கு ஒரு பெருமை.

"யோவ் ரேட்டு, வெலன்னா அது சந்தையில பொறக்கணும்யா. கவர்மெண்ட் பெத்துப் போட்டா நோஞ்சானாத்தான் பொறக்கும்."

"உன்துதான் கொழுகொழுன்னு பொறக்குதே! அதான் போன வருசம் கெழங்கப் புடுங்காமயே காட்டுல வுட்டுட்டியா?"

"புடுங்கறதும் வுடறதும் என் இஷ்டம். உன்னாட்டம் ஆலயிலேர்ந்து வெட்டு உத்தரவு வர்ற வரைக்கும் வாயப் பொளந்துக்கினு நிக்கல பாரு."

இந்தச் சண்டை வருடக்கணக்காக வரப்பில் நடந்து வந்தது. யாருக்கும் கெடுதல் இல்லை. இண்டர்நெட் வரும் வரைக்கும்.

வாய்க்கால்மேட்டுக்கு மூன்று பக்கமும் மலை கைகட்டிக்கொண்டு நிற்பதால் செல்போன் டவருக்கு அந்த ஊர் கண்ணில் படுவதில்லை. தண்ணி டேங்க் மேலே ஏறி நின்று போனைத் தூக்கிப் பிடித்தால் ஒரு கோடு காட்டும், இறக்கினால் அதுவும் போய்விடும். ஆகவே அங்கே இண்டர்நெட் என்றால் கேபிள் தீனதயாளன் இழுத்துவிட்ட பைபர் லைன் ஒன்றுதான்.

தீனதயாளன் கெட்டவர் அல்ல. இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது, பிறகு சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அழைத்தால் வருவார். மழையில் லைன் அறுந்தால் அவரே கம்பம் ஏறுவார். ஒரே ஒரு பழக்கம்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் விலையை அந்த வீட்டைப் பார்த்துத்தான் சொல்வார். வாசலில் புது பைக் நின்றால் ஒரு விலை, மாடியில் காரை வேலை நடந்தால் ஒரு விலை. துவைத்துக் காயப்போட்ட துணியைப் பார்த்தே ஒரு குடும்பத்தின் தாங்கும் சக்தியைக் கணிக்கிற திறமை அவருக்கு இருந்தது. சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு மட்டும்தான் இந்த ரேட்டு. வெளிய சொல்லிடாதீங்க, அப்புறம் எல்லாரும் கேப்பாங்க" என்பார். எல்லாரும் அந்த ரகசியத்தைக் காப்பாற்றினார்கள். சலுகை என்று வந்துவிட்டால் நம் ஜனங்களைப் போல நம்பிக்கையானவர்கள் கிடையாது.

நடுவில் ஒரு முறை கள்ளக்குறிச்சியிலிருந்து வேறொரு கம்பெனி வந்து கேபிள் இழுத்தது. கொஞ்ச நாளில் அந்தக் கேபிள் மட்டும் அங்கங்கே அறுந்து தொங்கியது. மலையிலிருந்து இறங்கிய குரங்குகளின் வேலை என்றார் தீனதயாளன். இருக்கலாம். அந்தக் குரங்குகள் தீனதயாளன் கேபிளின்மேல் பத்திரமாக நடந்து போய்ப் பக்கத்துக் கேபிளைக் கடித்திருந்தன. அந்தக் கம்பெனி அதற்குப் பிறகு வரவில்லை. குரங்குகளும் வரவில்லை.

இனிமேல்தான் செந்தமிழ்ச்செல்வி வருகிறாள். சுப்புராயனுக்கு ஒரே மகள். படித்துவிட்டுச் சென்னையில் ஒரு கம்பெனியில் மெடிக்கல் கோடிங் வேலை. அதாவது, அமெரிக்காவில் ஒருவர் ஏணியிலிருந்து விழுந்தால் அதற்கு ஒரு எண், நாய் துரத்தி விழுந்தால் அதற்கு வேறொரு எண். ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்து அந்த எண்ணைப் போட வேண்டும். ஹாஸ்டல் சாப்பாட்டில் மஞ்சக்காமாலை வந்து பாதி ஆளாக வீட்டுக்கு வந்தாள். தேறியதும், வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று கம்பெனியிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். உள் அறையில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், தீனதயாளனின் லைன்.

வந்தது இப்போது சோதனை. வீட்டிலிருந்து வேலை செய்கிற எல்லாருக்கும் கம்பெனி ஒரு டெஸ்ட் வைத்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை முழுக்க, கேமரா ஓடிக்கொண்டிருக்க, லைன் ஒரு தடவைகூட அறுந்துபோகாமல் வேலையை முடித்துக் காட்ட வேண்டும். அறுந்தால் மறுபடியும் சென்னை ஆபீஸ். "மெட்ராஸ் தண்ணி இனிமே வேணாம்" என்று பச்சையம்மாள் சொல்லிவிட்டாள். சென்னை இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால், உளுந்தூர்பேட்டையில் ரோட்டோரம் ஓட்டல் வைத்திருக்கும் ஒரு குடும்பம் பெண் கேட்டுக் காத்திருந்தது. பையன் நல்ல பையன்தான், பரோட்டாவும் நன்றாக இருக்கும் என்று பேச்சு. செல்விக்கு அவன்மேல் குறை ஒன்றும் இல்லை. இப்போதைக்குக் கல்யாணம்தான் வேண்டாம்.

டெஸ்ட் விஷயம் ஊரில் பரவியதும் தீனதயாளன் வந்துவிட்டார். வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"இன்னா செல்வி, பரிட்சயாமே?"

"ஆமாண்ணா. அன்னிக்கி மட்டும் லைன் கட்டாவாம பாத்துக்குங்கண்ணா."

"பாத்துக்கலாம். ஆனா நீ இனிமே படம் பாக்கறவங்க கணக்குல வரமாட்டம்மா. சம்பாதிக்கிறவங்க கணக்குல வந்துடுற. அது கம்பெனி ரேட்டு. ஆயிரத்து இரநூறு."

பச்சையம்மாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "போன மாசம் அறநூறுதானடா கட்னோம்?"

"அப்போ தெரியாதே பெரீம்மா, இங்கிலீஸ்லலாம் பேசுதுன்னு! வெளிய சொல்லாதீங்க, உங்களுக்குன்றதால கம்மி பண்ணி சொல்றேன்."

சுப்புராயன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இது யாரு வெச்ச ரேட்டுடா தீனா?"

"நான்தான் பெரீப்பா."

"நீயா?"

"பின்ன கலெக்டரா வந்து வெப்பாரு?"

கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் சுப்புராயனிடம் அப்படியெல்லாம் கிண்டல் செய்யக் கூடாது. அவர் அதை ஒரு யோசனையாக எடுத்துக்கொண்டார்.

அன்று சாயந்திரம் வரப்பில் வீரமுத்து எவ்வளவோ சொன்னார். "வேற கேபிள்காரன் ஒருத்தன் வந்தான்னா தன்னால எறங்கும். பொறுய்யா."

"கொரங்கு வுடணுமே."

"அதுவரைக்கும் பேசிக் கொறச்சுக்க. நான்லாம் இன்னா பண்றேன்?"

"நீ இன்னா கட்டற?"

வீரமுத்து மலையைப் பார்த்தார். "அத்த வெளிய சொல்லக் கூடாது."

சுப்புராயனுக்கு இண்டர்நெட் பற்றிப் புகார் கொடுக்க எங்கே போக வேண்டும் என்று தெரியாது. யாருக்குத்தான் தெரியும்? அவருக்குத் தெரிந்த அரசாங்கம் விவசாயிகள் குறைகேட்புக் கூட்டம் ஒன்றுதான். மாதம் ஒருமுறை கள்ளக்குறிச்சியில் நடக்கும். அங்கேதான் அவர் வாய்க்கால் அடைப்பைப் பற்றிப் பேசியிருக்கிறார், காட்டுப்பன்றியைப் பற்றிப் பேசியிருக்கிறார். ஆகவே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறினார்.

அவருக்கு முன்னால் பேசியவர் யூரியா கேட்டார். அவருக்கும் முன்னால் பேசியவர் ஏரி மதகைப் பற்றிக் கேட்டார். சுப்புராயன் எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"ஐயா, எங்க ஊருக்கு ஆல ஒண்ணுதான் இருக்குது. ஒண்ணே ஒண்ணுன்றதாலதான் கரும்புக்கு கவர்மெண்ட்டு வெல வெக்குது. எங்க ஊருக்குக் கேபிளும் ஒண்ணுதாங்க. அப்போ அதுக்கும் நீங்கதான வெல வெக்கணும்? இண்டர்நெட்டுக்கு ஆதார வெல அறிவிக்கணும்னு கேட்டுக்கறேன்."

கூட்டம் ஒரு நொடி யோசித்தது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "டன்னுக்கா, குவிண்டாலுக்கா?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மேடையில் இருந்த அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. பொறுமையாகவே பதில் சொன்னார். இந்த விலையெல்லாம் இங்கே வைப்பதில்லை, டெல்லியில் இதற்கென்று ஒரு ஆணையம் இருக்கிறது, போட்டி இருந்தால் விலை தானாக ஒழுங்காகும் என்று பெரும்பாலும் கம்பெனிகளிடமே விட்டுவிட்டார்கள் என்றார்.

"போட்டி இல்லன்னா?"

அதிகாரி தண்ணீர் குடித்தார். உலகத்தில் பெரிய பெரிய பொருளாதார நிபுணர்கள் இந்த இடத்தில் வந்து தண்ணீர்தான் குடிக்கிறார்கள். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வந்தவரை வெறுங்கையோடு அனுப்பவும் அவருக்கு மனமில்லை.

"கேபிள் எதுமேல போகுதுங்க?"

"கரண்டு கம்பத்து மேலதாங்க."

"பர்மிஷன் வாங்கியிருக்காரா?"

சுப்புராயன் பொய் சொல்லிப் பழகாதவர். அதிலும் ஒருவர் உதவி செய்ய வருகிறபோது கூடுதலாகவே உண்மை சொல்லிவிடுவார். "அதெல்லாம் எங்கங்க வாங்கறான்! மரத்துமேல பாதி, கம்பத்துமேல பாதி."

மனு மின்சார அலுவலகத்துக்கு என்று குறிக்கப்பட்டது. சுப்புராயன் அவசரமாக மறுபடி எழுந்தார். "செவ்வாய்க்கெழமைக்குள்ள பண்ணிட்டா நல்லாருக்குங்க. அன்னிக்கி எம்பொண்ணுக்கு டெஸ்ட்டு."

"செஞ்சிடலாம்."

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் மகளுக்குக் காராசேவு வாங்கிக்கொண்டார். அதற்கும் ரேட்டு கேட்டார், கொடுத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அரசாங்கம் தன்னிடம் "செஞ்சிடலாம்" என்று சொன்ன சந்தோஷம் அவருக்கு. எதைச் செய்வார்கள் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை செல்வி தலைக்குக் குளித்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உள் அறையில் உட்கார்ந்தாள். கதவு சாத்தப்பட்டது. பச்சையம்மாள் மிக்ஸியைத் தொடவில்லை. சுப்புராயன் சத்தமில்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காகச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

தெருமுனையில் ஏணி நின்றது.

மின்சார அலுவலகத்து ஜீப், ரெண்டு ஆட்கள், குடை பிடித்தபடி உதவிப் பொறியாளர் தங்கமணி. முதல் கம்பத்தில் கேபிள் எப்படிக் கட்டியிருக்கிறது என்று பார்த்து எழுதி முடித்து, சுப்புராயன் வீட்டுக்கு எதிரிலிருக்கும் கம்பத்தில் ஏணியைச் சாய்த்தார்கள். ஊருக்குள் வருகிற லைன் முழுவதும் அந்தக் கம்பத்தில்தான் பிரிகிறது. ஒரு ஆள் கட்டிங் பிளேயரோடு மேலே ஏறிவிட்டார். கீழே தீனதயாளன் கைலியை மடித்துக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக நின்றார்.

"இன்னாங்க மேடம் பண்றீங்க?" என்று ஓடினார் சுப்புராயன், செருப்பு கையிலேயே இருந்தது.

"அனுமதி இல்லாத கேபிளை எடுக்கறோங்க. சுப்புராயன்னு ஒருத்தர் மனு குடுத்திருக்காரு. செவ்வாய்க்கெழமைக்குள்ள முடிக்கணும்னு கேட்டிருந்தாராம். அதான் காலையிலயே வந்துட்டோம்."

அரசாங்கம் கேட்ட தேதியில் வந்து நிற்கும் என்பதை எந்த மனுதாரரும் எதிர்பார்ப்பதில்லை. அதற்கான தற்காப்பு நம் யாரிடமும் கிடையாது.

"நான்தாங்க சுப்புராயன். ஐயோ, நான் வெலயத்தாங்க கொறைக்கச் சொன்னேன். ஒயர இல்ல!"

"வெலயக் கொறைக்க எனக்கு அதிகாரம் இல்லிங்க. ஒயர எடுக்கத்தான் இருக்கு."

அதற்குள் ஊர் கூடிவிட்டது. வீரமுத்து முன்வரிசைக்கு வந்துவிட்டார். "கூப்ட்டியே கவர்மெண்ட்ட! வந்திடுச்சி பாரு. ஒக்கார வெச்சி எல போடு."

"யோவ், உள்ள பொண்ணு பரிட்சையில கீதுய்யா! ஒயர் போனா வேல போச்சி!"

வீரமுத்து வாயை மூடிக்கொண்டார். செல்வி அவருக்கும் மகள் முறைதான்.

ஏணிமேல் இருந்தவர் "மேடம், கட் பண்ணிடவா?" என்று குரல் கொடுத்தார். அப்போதுதான் பச்சையம்மாள் வந்தாள். ஏணியின் ரெண்டு காலையும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். உளுந்தூர்பேட்டை ஓட்டலை இத்தனை நாளாகப் புகழ்ந்துகொண்டிருந்தவள் அவள்தான். கேபிள் அறுந்தால் லாபம் அவளுக்குத்தான் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் காலையில் கதவைச் சாத்தும்போது மகள் முகத்தைப் பார்த்தவளும் அவள்தான்.

"யம்மா, ஏணிய ஆட்டாத, வுழுந்துடுவேன்!"

"மேல கை வெச்சா ஆட்டுவேன். சும்மா நின்னா புடிச்சிக்கறேன்."

மேலே இருந்தவர் சும்மா நின்றார்.

சுப்புராயன் மூச்சு வாங்கிக்கொண்டார். அவருக்குத் தெரிந்தது ஒரே சட்டம், கரும்புச் சட்டம். அதையே எடுத்தார். "மேடம், ஒரு சேதி கேக்கறேன். பதிவு போடாத கரும்பு காட்டுல நிக்கிது. ஆலக்காரரு வந்தா இன்னா பண்ணுவாரு? வெட்டிச் சாச்சிட்டா போவாரு? 'ஏன்யா பதியல'ன்னு நாலு திட்டு திட்டிட்டு, பதிஞ்சிக்கினு போவாரு. நிக்கிற பயிருக்குத்தாங்க பதிவு. வெட்டுன பயிருக்கு இன்னாங்க பதிவு?"

தங்கமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கப்பாவும் கரும்புதாங்க வெக்கிறாரு. இந்தக் கதையெல்லாம் என்கிட்ட வேணாம்." ஆனாலும் குடையை மடக்கினார். "சரி. இன்னிக்கே விண்ணப்பம் குடுக்கணும். கம்பத்து வாடகை கட்டணும். ஆள் தலைக்கு மேல தொங்குறத எல்லாம் உசத்திக் கட்டணும். அப்பறம், யாரு யாரு வூட்டுக்கு லைன் போவுதோ அவங்க வந்து, இவருகிட்டதான் வாங்கறோம், இவ்ளோ கட்டறோம்னு சொல்லணும். நான் மேல பதில் சொல்லணுமில்ல? அப்படின்னா டைம் தரேன்."

தீனதயாளன் முகம் முதலில் மலர்ந்தது. கடைசி வாக்கியம் வந்ததும் வாடியது.

மளிகைக்கடைக்காரர் முதலில் வந்தார். தங்கமணியின் காதருகே குனிந்தார்.

"காதுல சொன்னா எழுத மாட்டேன். சத்தமா சொல்லுங்க."

"நானூறுங்க. எனக்கு மட்டும்தான், வெளிய சொல்லக் கூடாது."

"நானூறா?" காசியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். களையெடுக்கப் போய்க்கொண்டிருந்தவள், கையில் களைக்கொத்து இருந்தது. "எனக்கு ஐநூறுல்ல? எனக்கு மட்டும்தான் கம்மின்னு சொன்ன? ஏன்டா தம்பி, கடை வெச்சிருக்கிறவனுக்கு நானூறு, கூலிக்குப் போறவளுக்கு ஐநூறா?"

"அக்கா, உங்க வூட்ல ரெண்டு டிவி கீதேக்கா..."

"ஒண்ணு ஓடாததுடா! அதுமேல மொளவா காயவெச்சிருக்கேன்!"

அதற்குப் பிறகு யாரும் குரலைத் தாழ்த்தவில்லை. முந்நூற்றைம்பது என்றார் ஒருவர். ஐந்நூற்றைம்பது என்றார் அவருடைய சொந்தத் தம்பி. அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வையில் ஒரு பாகப்பிரிவினையே நடந்தது. கடைசியில் எல்லாரும் வீரமுத்துவைப் பார்த்தார்கள். பேரத்தில் புலி. அவர் என்ன கட்டுகிறார்?

வீரமுத்து தொண்டையைச் செருமினார். "எண்ணூறு."

காசியம்மாள் கன்னத்தில் கை வைத்தாள்.

"பேசிக் கொறச்சதுய்யா! அவன் ஆயிரம் சொன்னான்!"

ஏணிமேல் இருந்தவர்தான் முதலில் சிரித்தார். பச்சையம்மாள் ஏணியை ஒரு ஆட்டு ஆட்டினாள், நிறுத்திக்கொண்டார்.

தீனதயாளனைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். அவர் கொஞ்ச நேரம் எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டு நின்றார். பிறகு அவருக்கும் கோபம் வந்தது. "சும்மா கத்தாதீங்க! மலையோரம் மரம் சாஞ்சி லைன் அறுந்தா யாரு ஏர்றது? டார்ச்ச வாயில கடிச்சிக்கினு மழையில நிக்கறவன் நான். எந்தப் பெரிய கம்பெனி வந்தான் இந்த மூலைக்கு? இருக்கிற நாலு தெருவுக்கு எவன் வருவான்? எனக்கு நெட்டு குடுக்கற மேல்கம்பெனிக்காரன் எனக்கு ஏத்தறான், நான் உங்களுக்கு ஏத்தறேன். எல்லாருக்கும் முந்நூத்தம்பதுன்னா நான் மலையேறிப் போவ வேண்டியதுதான்."

அவர் சொன்னதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்பதுதான் தெரியவில்லை.

சுப்புராயன்தான் பேசினார். திட்டவில்லை. "சரிடா தீனா. உனக்குக் கட்டுப்படியாவற வெல இன்னா? கரும்புக்கு எப்பிடிக் கேப்பாங்களோ அப்பிடிக் கேக்கறேன். ஒழவு, வெதக்கரணை, ஒரம், வெட்டுக்கூலி எல்லாம் கூட்டு. மேல உன் லாபத்த வெய்யி. கம்பத்து வாடகையையும் சேத்துக்க. கூட்டி ஒரே வெலயா சொல்லு."

தீனதயாளன் இதுவரை கூட்டியதில்லை. வீட்டைப் பார்த்தே விலை சொன்னவருக்குக் கூட்டல் எதற்கு? விரல்களை மடக்கினார், விரித்தார், மேலே கேபிளைப் பார்த்தார், மறுபடி மடக்கினார். "நானூத்தம்பது."

சுப்புராயன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. ஒரு விலை. எல்லாருக்கும். சத்தமாக. அவருக்கு அது போதும்.

"நானூறு!" என்றார் வீரமுத்து.

"யோவ், வெல சொல்லிட்டான்யா! சும்மா இரு!"

"நீ சும்மா இரு. வெல சொல்றது அவன் வேல, கொறைக்கிறது என் வேல. நானூறுடா தீனா, கடைசி!"

"நானூத்தி நாப்பது. முடியாதுண்ணா."

"நானூத்திப் பத்து. மொத்த ஊரும் மாசம் ஒண்ணாந்தேதியே கட்டிடறோம். நீ வூடு வூடா அலய வேணாம். அந்தக் காலு வலிக்கு ஒரு வெல போடு."

அது தீனதயாளனை அசைத்தது. நானூற்று இருபதில் படிந்தது. அறிவித்ததும் நடந்தது, பேசியதும் நடந்தது. அன்றைக்கு ஜெயித்தது யார் என்று அந்த வரப்பில் இன்னும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.

"இதுல எனக்குச் சம்பந்தமே இல்லிங்க," என்றார் தங்கமணி. "நான் சும்மா நின்னேன், அவ்ளோதான்."

அது உண்மை. விலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஆனால் தலைக்கு மேலே ஒருவர் கட்டிங் பிளேயரோடு நிற்கும்போது விலை பேசுகிறவரின் குரல் கொஞ்சம் மாறத்தான் செய்கிறது. அரசாங்கம் விலையில் தலையிட வேண்டுமா கூடாதா என்று கேட்டால் வாய்க்கால்மேட்டில் தெளிவாகப் பதில் சொல்வார்கள்: தலையிட வேண்டாம், ஏணியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றால் போதும். அதிக நேரம் நின்றாலும் ஆபத்து. எப்போது இறங்க வேண்டும் என்று தெரிந்த அதிகாரியாக அனுப்ப வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் அந்த உள் அறைக் கதவு திறக்கவே இல்லை. பேரம் முடிந்த பிறகுதான் எல்லாருக்கும் அது ஞாபகம் வந்தது. கூட்டம் கலையவில்லை. காசியம்மாள்கூட வேலைக்குப் போகாமல் கம்பத்தடியில் உட்கார்ந்தாள். தீனதயாளன் ஓடிப்போய்த் தன் மோடம் பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, "பச்ச லைட்டு எரியுது, எரியுது" என்று எல்லாரிடமும் சொன்னார். ஏணிமேல் இருந்தவர் இறங்குவதற்கும் பயந்தார். இறங்கும்போது கை பட்டு ஏதாவது ஆனால் பச்சையம்மாள் கீழே நிற்கிறாள்.

உச்சி வெயிலில் கதவு திறந்தது. செல்வி ஹெட்போனைக் கழுத்தில் போட்டபடி வாசலுக்கு வந்தாள். தெரு நிறைய ஆட்களையும் ஜீப்பையும் ஏணியையும் அம்மாவையும் பார்த்து மிரண்டாள்.

"இன்னாம்மா ஆச்சி? யாருக்கு இன்னா?"

"அத்த வுடு. உனக்கு இன்னாச்சி?" என்றார் சுப்புராயன்.

"முடிஞ்சிதுப்பா. ஒரு வாட்டிகூட கட்டாவல. இங்கயே இருந்து வேல செய்லாம்னு மெயில் வந்துடுச்சி."

தெரு மொத்தமும் மூச்சு விட்டது. சுப்புராயன் கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டு, ஒன்றை மாட்டிக்கொண்டு, மற்றதை மாட்ட மறந்து அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். தீனதயாளன் அழுதுவிடுவார் போலிருந்தது. லைன் அறுந்திருந்தால் இந்த ஊர் அவரைக் கம்பத்திலேயே கட்டியிருக்கும். பச்சையம்மாள் ஏணியை விட்டாள். மேலே இருந்தவர் இறங்கி வந்ததும் அவருக்குத்தான் முதல் சொம்பு மோர்.

தங்கமணி ஜீப்பில் ஏறும்போது, "விண்ணப்பம் சாயந்திரத்துக்குள்ள வரணும் தீனதயாளன். வரலன்னா நாளைக்கு ஏணி வரும்" என்றார். தீனதயாளன் ஜீப்புக்கு முன்னாலேயே பைக்கை எடுத்துக்கொண்டு கச்சிராயபாளையம் பக்கம் பறந்தார்.

அன்று இரவு சாப்பாட்டுக்கு முன்னால் பச்சையம்மாள் உளுந்தூர்பேட்டைக்கு வீடியோ கால் போட்டாள். போடவே அவளுக்குத் தயக்கம். இத்தனை மாதமாக ஆசை காட்டிவிட்டு இப்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அவள் மனதில் ஒரு கணக்கு வைத்திருந்தாள். ரெண்டு வார்த்தை சொல்வது, சங்கடமான இடம் வந்ததும் "அலோ, அலோ, கேக்கலிங்களே" என்று வைத்துவிடுவது. வாய்க்கால்மேட்டில் காலம்காலமாக எல்லாருக்கும் கைகொடுத்த உபாயம் அது.

ஆனால் பையனின் அம்மா கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது, பின்னால் கல்லில் பரோட்டா புரள்வது, அந்த அம்மா முகத்தில் சந்தேகம் மெல்ல எழுவது எல்லாமே கண்ணாடி மாதிரித் தெரிந்தது. பச்சையம்மாள் வேறு வழியில்லாமல் முழுவதையும் சொன்னாள். பொண்ணுக்கு வேலை இருக்கிறது, வீட்டிலேயே இருக்கிறது, இப்போதைக்கு அதற்கு இஷ்டமில்லை, தப்பாக நினைக்க வேண்டாம். அந்த அம்மா கல்லாவை மூடிவிட்டு, "அதுக்கென்னங்க, எம்பையனும் இப்ப வேணாம்னுதான் சொல்லிக்கினு இருந்தான்" என்றாள்.

ரெண்டு பேரும் சிரித்தார்கள். லைன் கடைசி வரைக்கும் அறுந்துபோகவில்லை.